துளை கோட்டிங்கிலா, பாலிஷிலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவை கணபதியில் ஒரு சோதனைக்கூடத்தில், மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு உலோகச் சாம்பிள்களைத் தேய்த்து பாலிஷ் செய்து கொடுப்பது என் வேலை. பம்புக்கான ஸ்லீவ் (சுழலும் தண்டின் மேல் மாட்டும் குழாய் உறை) செய்யும் சின்னப் பட்டறைகள் படும் ஒரு கஷ்டத்தை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவின் மேல், சீக்கிரம் தேயாமலிருக்க, டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளால் கோட்டிங் அடிக்கிறார்கள். அதில் எத்தனை சதவீதம் துளை என்று ரிப்போர்ட் சொல்கிறதோ, அதை வைத்துத்தான் சரக்கு தேறும், அல்லது திரும்பி வரும். சமீபத்தில் ஒரு பட்டறைக்காரர் அப்படித் திரும்பிய சரக்கோடு வந்தார். வேறு கூடத்தில் எடுத்த படத்தில் கோட்டிங் முழுக்கக் கரும்புள்ளி, ஸ்டீலோடு சேரும் இடத்தில் ஒரு கறுப்புக் கோடு. ‘பிணைப்பு சரியில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அதே துண்டை நாங்கள் வைரத்தில் மறுபடி தேய்த்துப் பார்த்தோம். பெரும்பாலான புள்ளிகள் போய்விட்டன, கோடு அடியோடு இல்லை.

காரணம் எளிது. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவில் அந்த ஸ்டீலின் கடினம் சுமார் 200, கோட்டிங்கோ 1,000-க்கு மேல். தேய்க்க வழக்கமாகப் பயன்படும் சிலிக்கன் கார்பைடு பேப்பர் சுமார் 2,500 என்றாலும், இவ்வளவு கடினமான பரப்பில் அதிலுள்ள வெட்டும் மணிகள் சீக்கிரம் மழுங்கிவிடும். மழுங்கிய மணி வெட்டாது, கார்பைடு துகளைப் பிடுங்கிப் போடும். பிடுங்கிய பள்ளம் படத்தில் துளையாகத் தெரியும். அப்புறம் வெல்வெட் துணியில் நேரம் போவது தெரியாமல் பிடித்தால் ஸ்டீல் மட்டும் கரையும். மழையில் மண் அரித்துப்போன பாதையில் கல் துருத்திக்கொண்டு நிற்குமே, அதுபோல கோட்டிங் மேடாக நிற்கும். அந்த மேட்டின் நிழல்தான் ‘பிணைப்பு இல்லாத’ கறுப்புக் கோடு.

வைரத்தின் கடினம் ஏறக்குறைய 8,000. கார்பைடையும் ஸ்டீலையும் அது ஒன்றுபோல வெட்டும். நாங்கள் கோட்டிங் பக்கமிருந்து உள்நோக்கி அறுக்கிறோம், அப்போதுதான் கோட்டிங் பெயராது. வெற்றிடத்தில் எப்பாக்சி பிசின் ஊற்றி, அது துளைகளுக்குள் இறங்கி இறுகிய பிறகு வைர டிஸ்க். அடுத்து 9 மைக்ரான், 3 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வைர பேஸ்ட், எல்லாம் மயிர் இல்லாத கெட்டித் துணியில். கடைசி 1 மைக்ரான் கொஞ்ச நேரம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் சாம்பிள், ஹோல்டர், கை எல்லாவற்றையும் கழுவ வேண்டும். முந்தைய கட்டத்தின் ஒரு மணி தப்பி வந்தாலும் கீறல் விழும்.

இதில் ஒரு நல்ல சோதனையும் உண்டு. இன்னொரு சுற்று 3 மைக்ரானில் தேய்த்ததும் துளை குறைந்தால், அது பாலிஷ் செய்த சேதம். குறையாமல் அப்படியே நின்றால் கோட்டிங்கின் குறைதான். மிருதுவான உலோகக் கோட்டிங்கில் இதற்கு நேர்மாறான ஆபத்து இருக்கிறது. உலோகம் இழுபட்டு நிஜத் துளையையே மூடிவிடும், மோசமான சரக்கும் தேறிவிடும்.

வைரம் என்றதும் செலவு என்கிறார்கள். இது நகைக்கடை வைரம் இல்லை. 1950-களிலிருந்தே ஆலையில் செய்ய முடிகிற செயற்கை வைரம். சிரிஞ்சில் வரும் பேஸ்ட்டை ஒரு துணிக்குக் கொஞ்சம்போல வைத்தால் போதும். திரும்பி வந்த ஒரு சரக்கின் நஷ்டத்துக்கு முன்னால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

நான் பார்த்த பாலிடெக்னிக் ஆய்வகங்களில் இன்னும் 1/0 முதல் 4/0 வரை எமரி பேப்பர், வெல்வெட், அலுமினா பவுடர், இவ்வளவுதான். சாம்பிளும் மைல்ட் ஸ்டீல் அல்லது வார்ப்பிரும்பு, ஒரே பொருள். லேத் பட்டறைகளில் கழித்துப்போட்ட கார்பைடு டிப் டூல் (கார்பைடு முனை பற்றவைத்த வெட்டும் கருவி) கிடக்கும். கார்பைடு, பற்றவைத்த வெள்ளிக் கலவை, ஸ்டீல் மூன்றும் ஒரே துண்டில் இருக்கும். அதை மாணவர்கள் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இதை நான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

சோதனைக்கூடங்களும் சாம்பிளை எப்படித் தயாரித்தோம் என்று ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். இந்தக் கோட்டிங்குகளுக்கென்றே ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர அமைப்பின் இ1920 என்ற வழிகாட்டி இருக்கிறது. சரக்கைத் திருப்பும் கம்பெனிகளுக்கு ஒரு வேண்டுகோள்: திருப்புவதற்கு முன் அதே துண்டை வைரத்தில் இன்னொரு முறை தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை நாள் வேலைதான்.

இப்படிக்கு,
சோதனைக்கூட ஊழியர்,
கணபதி, கோவை.