வாசல் வழியாகக் கூட்டிச் செல்லுங்கள்

மலைக்கோட்டைகளுக்கு நடைப்பயணம் கூட்டிச் செல்லும் குழுக்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சில வாரங்களுக்கு முன் ஒரு நடைக்குழுவோடு பழைய மண்கோட்டை ஒன்றுக்கு ஏறிப் போனேன். பிரிட்டனில் ரோமானியர் வருமுன் எழுந்த இரும்புக் காலத்துக் கோட்டை. சுண்ணக்கல் குன்றின் உச்சியைச் சுற்றி மேடும் அகழியுமாக மூன்று வளையம். நாங்கள் இருபது பேருக்கு மேல் இருந்தோம். வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து பார்த்தபோதே எதிர்ச்சரிவில் நேர்க்கோடாக ஒரு வெள்ளைத் தடம் தெரிந்தது. எங்களை அழைத்துப் போனவர் அதிலேயே ஏற்றினார். முதல் மேட்டில் ஏறி, அகழிக்குள் சறுக்கி இறங்கி, அடுத்த மேட்டில் கையை ஊன்றி ஏறி, இப்படியே மூன்று முறை. உச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். இருபது நிமிடத்தில் இறங்கச் சொல்லிவிட்டார்.

இறங்கத் தொடங்கியபோது ஓர் அம்மா தன் மகளிடம் சொன்னார்: "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? மேல ஒண்ணுமே இல்லையே."

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மேலே போய்விட்டு வந்தார், ஆனால் கோட்டைக்குள் அவர் நுழையவே இல்லை. சுவர் ஏறிக் குதித்து ஒரு வீட்டின் கொல்லையில் நின்றுவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்த வீட்டைப் பற்றி என்ன தெரியும்? அவரை அப்படி ஏற்றி இறக்கியது நாம்தான். உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: மேட்டின் மேல் ஏற்றாதீர்கள், பழைய வாசலைக் கண்டுபிடித்து அதன் வழியாகக் கூட்டிச் செல்லுங்கள்.

கோட்டை என்றதும் நம் மனக்கண்ணில் கருங்கல் மதிலும் கொத்தளமும் வந்து நிற்கின்றன. இவை அப்படிப்பட்டவை அல்ல. பெரும்பாலானவை வெட்டிய மண்ணையும் கல்லையும் குவித்து, மரத்தால் இறுக்கி எழுப்பியவை. மரம் மக்கிப்போய்விட்டது, மேட்டைப் புல் மூடிவிட்டது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும் இத்தகைய இடங்களாக 4,147ஐக் கணக்கெடுத்து, 2017இல் எல்லோரும் பார்க்கும்படி ஒரு வரைபடத் தொகுப்பாக வெளியிட்டார்கள். சில ஒரு வீட்டு மனையைவிடக் கொஞ்சம் பெரியவை, சில ஓர் ஊரையே உள்ளே வைக்கலாம் போன்றவை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவாக உள்ளது ஒரு வளையம், அந்த வளையத்தில் ஒரு வாசல். வளையத்தைக் கட்டியவர்கள் தங்கள் மூளையை அதிகம் செலவழித்த இடம் அந்த வாசல்தான்.

இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள மெய்டன் காசிலை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 600 வாக்கில் சிறிதாகத் தொடங்கி, கி.மு. 450ஐ ஒட்டி 19 ஹெக்டேர் அளவுக்கு விரிந்த கோட்டை. அதன் மேற்கு வாசலில் நேராக நடந்து உள்ளே போய்விட முடியாது. எதிரே ஒரு மேடு வந்து மறிக்கும், ஒரு பக்கம் திரும்புவீர்கள். சற்றுத் தூரம் போனதும் இன்னொன்று மறிக்கும், மறுபக்கம் திரும்ப வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பக்கத்து மேடு தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும், வானம் ஒரு கீற்றாகச் சுருங்கிவிடும். மேலே யாராவது நின்றிருந்தால் உங்களை அவர் பார்ப்பார், உங்களுக்கு அவர் தெரியமாட்டார். அந்தக் கோட்டையின் கிழக்கு வாசலை ஒட்டி ஒரே குவியலாக 20,000க்கும் மேற்பட்ட கவண்கற்கள் கிடைத்தன. எல்லாம் கையில் அடங்கும் உருண்டைக் கூழாங்கற்கள். சுண்ணக்கல் குன்றில் அப்படிப்பட்ட கல் கிடையாது, கடற்கரையிலிருந்து பொறுக்கிச் சுமந்து வந்திருக்கிறார்கள். வாசல் வழியாக ஒருமுறை நடந்தவருக்கு அந்தக் கற்கள் எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பக்கவாட்டில் ஏறி வந்தவருக்கு எத்தனை பலகையில் எழுதி வைத்தாலும் அது வெறும் எண்ணிக்கை.

இந்த வாசல்கள் சண்டைக்கு மட்டுமானவை என்றும் நான் நினைக்கவில்லை. விருந்தாளியும் வணிகரும் மாடு ஓட்டி வந்தவரும் இதே வளைவுகளில்தான் நடந்திருப்பார்கள். உள்ளே இருப்பவர் யார், அவருக்கு எத்தனை கைகள் உழைக்கும் என்று வருகிறவருக்குக் காட்டுவதற்கே பாதி மேடு எழுப்பப்பட்டிருக்கும் என்பது என் எண்ணம். ஆய்வாளர்கள் பலரும் இந்தத் திசையில்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உச்சியில் நின்றுகொண்டு "இங்கேதான் ரோமானியர்கள் எல்லோரையும் வெட்டிப் போட்டார்கள்" என்று கதை சொல்லும் பழக்கம் நம் குழுக்களில் இருக்கிறது. அந்தக் கதை எங்கிருந்து வந்தது தெரியுமா? 1934 முதல் 1937 வரை மெய்டன் காசிலை அகழ்ந்தவர் மார்ட்டிமர் வீலர். கிழக்கு வாசலருகே புதைகுழிகளைக் கண்டார். ஓர் எலும்புக்கூட்டின் முதுகெலும்பில் இரும்பு முனை ஒன்று குத்தி நின்றது. கி.பி. 43இல் ரோமானியப் படை வந்து நடத்திய தாக்குதலின் சாட்சி இது என்று எழுதினார், உலகமே நம்பியது. 1980களில் மறுபடி அகழ்ந்தவர்களுக்கு அந்தப் படையெடுப்புக் கதையில் ஐயம் வந்தது. அண்மையில் அந்த எலும்புகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, அவர்கள் ஒரே நாளில் சாகவில்லை, பல பத்தாண்டுகளில் வெவ்வேறு தருணங்களில் இறந்தவர்கள் என்று தெரியவந்திருக்கிறது. கொடுமை நடந்தது உண்மை. ஆனால் ஒரே நாளில், ஒரே எதிரியால் நடந்தது என்று இனிமேல் அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே அந்தக் கதையைச் சொல்வதாக இருந்தால், அது மாறிய கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு அதுதான் இன்னும் சுவையாக இருக்கும்.

அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டை அகழ்ந்தார். சதுரம் சதுரமாகக் குழி வெட்டி, நடுவில் மண்சுவரை வெட்டாமல் விட்டு, அந்தச் சுவரில் தெரியும் அடுக்குகளைப் படிக்கும் முறையை மெய்டன் காசிலில் செம்மைப்படுத்திக்கொண்டுதான் இங்கே வந்தார். மண்ணடுக்கை ஏடு போலப் படிக்கலாம் என்பது அந்த முறையின் உயிர். நான் எதற்குக் காலடித் தடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன் என்பதற்கான விடையும் அதிலேயே இருக்கிறது.

ஒரு மேட்டுக்கு அடியில் என்ன இருக்கும்? அதை எழுப்பிய நாளுக்கு முந்தைய நிலம் இருக்கும். மேலே மண்ணைக் கொட்டியதும் அந்தத் தரை அப்படியே மூடிக்கொள்கிறது. சுண்ணக்கல் மண்ணில் நத்தை ஓடுகள் நன்றாகப் பிழைத்திருக்கும். கடுகளவு ஓடுகளைச் சலித்தெடுத்து, இவை நிழல் தேடும் இனமா, வெட்டவெளியில் வாழும் இனமா என்று பிரித்தால், கோட்டை கட்டுமுன் அங்கே காடு இருந்ததா, மேய்ச்சல் நிலம் இருந்ததா என்று சொல்லிவிடலாம். ஒரு கரித்துண்டு காலத்தைச் சொல்லும். இதெல்லாம் ஒரு முழங்கை ஆழத்தில் இருக்கலாம்.

இப்போது நாம் ஏறிய அந்த வெள்ளைத் தடத்தை நினைத்துப் பாருங்கள். இருபது பேர் ஏறினால் ஒன்றும் ஆகாது என்று தோன்றும். குழுவுக்குப் பின் குழுவாக ஏறினால் புல் செத்துவிடும். புல்லின் வேர்தான் அந்த மேட்டைப் பிடித்து வைத்திருக்கிறது. வேர் போனதும் மழைத் தண்ணீர் அதே கோட்டில் இறங்கி, முதலில் விரல் அகலத்துக்கும் பிறகு முழ அகலத்துக்கும் அறுக்கும். தடம் வழுக்கத் தொடங்கியதும் நாம் அதன் ஓரத்தில் கால் வைத்து ஏறுவோம், ஓரமும் செத்துப்போகும். முயல் வளையும் செம்மறியாடுகளின் தேய்ப்பும் வேறு சேர்ந்துகொள்ளும். பராமரிப்பவர்கள் கம்பி கட்டி, மண் நிரப்பி, புல் பதித்து, அது வேர் பிடிக்கும்வரை மாதக்கணக்கில் காவல் காக்கிறார்கள். நிரப்பிய மண் மேட்டின் வடிவத்தை மீட்கும். அரித்துப்போன அடுக்கை எதனாலும் மீட்க முடியாது.

கல்லால் கட்டிய கோட்டைகளில் ஆபத்து வேறு விதம். வேல்ஸின் லீன் தீபகற்பத்தில் ட்ரெயர் கெய்ரி என்றொரு கோட்டை உண்டு. மதில் இன்னும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறது, உள்ளே ஏறத்தாழ 150 வட்டக் குடில்களின் கற்சுவர்கள். மதில்மேல் ஏறி நடந்தால் கல் சரியும். கீழே கிடக்கும் கல்லை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் படம் எடுத்தால், அது எந்தக் குடிலின் கல் என்ற செய்தி அழிந்துவிடும். தயவுசெய்து கல்லடுக்கும் விளையாட்டை இத்தகைய இடங்களில் நிறுத்தச் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தின் டேப் ஓ நாத் போன்ற கோட்டைகளில் மதிலின் கல்லே கடும் தீயில் உருகிக் கண்ணாடியாக இறுகிக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். எடுக்கக் கூடாது. பிரிட்டனில் காப்புப் பட்டியலில் உள்ள இடத்தைச் சேதப்படுத்துவதும், அங்கே அனுமதியில்லாமல் உலோகங்காணும் கருவியோடு தேடுவதும் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் இதையே சொல்லியிருப்பேன்.

சரி, வாசல் வழியாக உள்ளே போயாயிற்று. அந்த அம்மா சொன்ன "ஒண்ணுமே இல்லை"க்கு என்ன செய்வது?

டேன்பரியைப் பற்றிச் சொல்லுங்கள். ஹாம்ப்ஷயரில் உள்ள இந்தக் கோட்டையை 1969 முதல் 1988 வரை, ஆண்டுதோறும் கோடையில், பேரி கன்லிஃப் குழுவினர் அகழ்ந்தார்கள். உட்பரப்பில் பாதிக்கும் மேல் தோண்டிப் பார்த்தபோது, வெறும் புல்வெளியாகக் கிடந்த இடத்தில் குழி குழியாக ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை தானியக்குழிகள். சுண்ணக்கல்லில் ஆளாழத்துக்கு வெட்டி, தானியத்தைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ஓரத்தில் ஈரம் படும் தானியம் முளைவிடத் தொடங்கும்போது உள்ளிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிட்டுக் கரியமில வாயுவை விடும். காற்றில்லாததால் பூச்சியும் பூஞ்சையும் அடங்கிவிடும், மீதித் தானியம் உறங்கும். ஓரத்துத் தானியம் தன்னைக் கொடுத்து நடுத்தானியத்தைக் காக்கிறது. 1970களில், பழங்கால முறையில் வேளாண்மை செய்து பார்க்கும் பட்சர் பண்ணையில், பீட்டர் ரெனால்ட்ஸ் உண்மையாகவே குழி வெட்டித் தானியம் சேமித்துப் பார்த்தார். குளிர்காலம் முழுக்கக் கிடந்த தானியம் விதைத்தபோது நன்றாக முளைத்தது. நாம் போர்வை விரித்து உட்காரும் புல்லுக்கடியில் ஒரு சமூகத்தின் அடுத்த ஆண்டு விதை கிடந்தது என்று சொல்லிவிட்டால், யாரும் அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லமாட்டார்கள்.

நேரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது, அரையடிப் பள்ளமும் நிழல் காட்டும். குடில் இருந்த வட்டங்களும் குழிகள் அமுங்கிய இடங்களும் அப்போது தாமாகவே எழுந்து வரும். பெரணிப் புதர் மடிந்து புல் கட்டையாக இருக்கும் குளிர்காலம் இன்னும் நல்லது.

அன்றைக்கு நான் ஒரு காரியம் செய்தேன். குழு வெள்ளைத் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாவையும் மகளையும் கேட்டுக்கொண்டு வாசல் வழியாக இறங்கினேன். பத்து நிமிடம்தான் கூடுதலாக ஆனது. இரண்டாவது திருப்பத்தில் அந்தப் பெண் நின்றுவிட்டாள். இரு பக்கமும் மேட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, குரலைத் தணித்துக்கொண்டு, "மேல யாரு நின்னுட்டு இருப்பாங்க?" என்று கேட்டாள். அவள் அம்மா பதில் சொல்லவில்லை, அவரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நடைக்கு நீங்கள் அனுப்பும் அறிவிப்பில், சந்திக்கும் இடம் "வண்டி நிறுத்துமிடம்" என்று போடாமல் "கோட்டையின் பழைய வாசல்" என்று போடுங்கள். அங்கிருந்து நடக்கத் தொடங்குவோம். நேரம் அரை மணி கூட்டிப் போடுங்கள், நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுவில் கடைசியாக நடந்து வருகிற ஒருவன்