அந்தப் பெரிய பெட்டி உனக்கு வேண்டாம், மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

கனடாவிலிருந்து சித்தப்பா வரும்போது, ஆம்ப் எனப்படும் கிட்டார் ஒலிபெருக்கிகளைப் போலச்செய்யும் பெட்டியான குவாட் கோர்டெக்ஸ் மொடலரைக் கொண்டுவரச் சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். சொல்லாதே. அது மட்டமான பொருள் என்பதற்காக அல்ல. உண்மையான ஆம்பின் ஒலியைப் படியெடுத்துத் தன்னுள் வைத்துக்கொள்ளும். மேடையில் காலால் மிதித்தே பாட்டுக்குப் பாட்டு ஒலியை மாற்றலாம். ஆனால் கல்லடியில், அப்பம்மா அடுத்த அறையில் உறங்கும் வீட்டில், இரவில் கட்டிலில் இருந்தபடி பைலாவும் கோவில் பாட்டும் வாசிக்கிறவன் நீ. உனக்குத் தேவை தெளிவான ஒலி ஒன்று, சற்றே கரகரப்பானது ஒன்று. மிச்ச மாதிரிகளை முதல் வாரத்துக்குப் பிறகு தொடவே மாட்டாய்.

நீ அனுப்பிய ஒப்பீட்டுக் காணொளிகளைப் பார்த்தேன். எந்தக் கருவி எந்த ஆம்பை அச்சொட்டாகப் போலச்செய்கிறது என்பதிலேயே அவர்களுக்குக் கண். வீட்டில் வாசிக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, எவ்வளவு சத்தத்தில், எதன் வழியாகக் கேட்கிறோம் என்பதுதான். சத்தம் குறையக் குறைய நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மங்கிவிடும். பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933லேயே இதை அளந்து காட்டினார்கள். கடையில் மார்பை அதிரவைத்த ஒலி வீட்டில் மெலிந்து கேட்பது இதனால்தான். பழி மொடலர் மேல் விழுகிறது.

இதை உணர்ந்து செய்தவர்கள் யமஹாக்காரர்கள். 2011இல் வந்த டிஎச்ஆர் ஆம்ப் வரிசை மேசையில் வைத்து மெதுவாக வாசிப்பதற்கென்றே உருவானது. ஸ்பீக்கரில் வாசிப்பதானால் என் விருப்பமும் அதுவே. பொஸ் கட்டானா 50 நல்ல ஆம்ப்தான், சக்தியை அரை வொட்டுக்கு இறக்கவும் ஆளி உண்டு. ஆனால் 12 அங்குல ஸ்பீக்கருக்கு அரை வொட்டே பக்கத்து வளவுக்கும் கேட்கப் போதும். ஸ்பார்க் என்ற ஆம்ப் உன்னோடு சேர்ந்து டிரம்ஸும் பேஸும் வாசிக்கும், விளையாட்டாக இருக்கும். அதன் பாதிக் கட்டுப்பாடு கைபேசிச் செயலிக்குள் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கிட்டாரை எடுத்தவன் கைபேசியைத் தடவிக்கொண்டிருப்பான்.

அப்பம்மாவை நினைத்தால் ஹெட்போன்தான் வழி. அதுவும் வயர் உள்ளது. ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர் போகும். நல்ல மொடலரின் தாமதம் சில மில்லி செக்கன்தான். ஆம்பிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், உனக்குத் தெரியாது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் அது நூறையும் தாண்டும். பைலாவின் தாளம் அங்கேயே சிதறிவிடும்.

ஆகவே என் முடிவு: சிறிய மொடலர்களான சூம் ஜி1 எக்ஸ் ஃபோர் அல்லது பொஸ் ஜிடி-1, எஞ்சும் காசுக்கு நல்ல ஹெட்போன். இரண்டு பெட்டிகளும் நான்கு ஏஏ பேட்டரியில் ஓடும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தவர்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை. மடிக்கணினியைப் பயன்படுத்துவதானால் நியூரல் ஆம்ப் மொடலர் என்ற மென்பொருள் இலவசம், ஒலியும் தரமானது. கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஓடியோ இன்டர்பேஸ் என்ற சிறு பெட்டி மட்டும் வாங்கவேண்டும்.

கனடாப் பொருளில் இன்னொரு சிக்கல்: அங்கே 120 வோல்ட், இங்கே 230. அடாப்டரில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. கட்டானா போல மின்வழங்கி உள்ளேயே இருக்கும் ஆம்பை அங்கிருந்து தருவிக்கவே வேண்டாம்.

உன் கிட்டாரில் கேட்கும் உறுமலை எந்த மொடலரும் தீர்க்காது. அது கம்பியதிர்வை மின்சமிக்ஞையாக்கும் ஒற்றைச் சுருள் பிக்கப் பிடித்துக்கொள்ளும் மின்கம்பி இரைச்சல். மெல்லிய ஒலியை அடைத்துவிடும் நொய்ஸ் கேட் போட்டால் நீ வாசிக்காத நேரத்தில் மட்டும் அடங்கும். வீட்டு வயரிங்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று அத்தானிடம் ஒருமுறை பார்க்கச் சொல்.

கடைக்குப் போகும்போது உன் கிட்டாரையும் ஹெட்போனையும் கொண்டுபோ. உள்ளே இருக்கும் ஆயத்த ஒலிகளில் எக்கோவும் ரிவெர்பும் அள்ளிக் கொட்டியிருப்பார்கள், எல்லாவற்றையும் அணைத்துவிடு. கரகரப்பான ஒலியை வைத்து, கிட்டாரின் வொலியூம் குமிழைப் பாதிக்குக் குறை. ஒலி படிப்படியாகத் தெளிந்தால் வாங்கு. சத்தம் மட்டும் குறைந்து கரகரப்பு அப்படியே கிடந்தால், கடைக்காரர் எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பி வா.

அன்புடன்,
மாமா
அக்கரைப்பற்று