தகரத்தில் மழை பெய்யும்போதும் கேட்க வேண்டும்

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மகள் உயர்தரத்தில் தேறிவிட்டாள் என்று வாசித்ததும் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. விளங்கியதும், "மலையில கூடையோட நின்னவ பேத்தி" என்று உன் அம்மாவை நினைத்துக் கண்கலங்கிப் போனார். பிள்ளையை நாங்கள் எல்லோரும் கேட்டதாகச் சொல்.

எங்கள் பக்கம் மழை இன்னும் விடவில்லை. தோட்டத்து மேல்பிரிவான மேல்கணக்கு ரோட்டில் மண் சரிந்து நாலு நாள் பஸ் இல்லை. தங்கச்சி மகன் கொழும்புக் கடை வேலையை விட்டுவிட்டு வந்து லீக்ஸ் மரக்கறி போடுகிறான். மற்றபடி எல்லோரும் சுகம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உன் கையில் 75,000 ரூபாய். அதற்குள் ஒரு டிவி, பாட்டுக் கேட்க ஒரு செட், அதாவது அம்பிளிபயரும் சோடி ஸ்பீக்கரும். கடன் கூடாது. முடியும் மச்சான். ஆனால் டிவியைச் சின்னதாக எடுத்து, மிச்சக் காசைச் சத்தத்துக்குக் கொடுக்க வேண்டும். நான் இதை மாற்றிச் செய்து காசையும் விட்டேன், அப்பாவை ஒரு மழைக்காலம் முழுக்க நோகவும் விட்டேன்.

முந்தின தீபாவளிக்கு முற்பணம் கைக்கு வந்த சூட்டோடு டவுனுக்குப் போய் 43 அங்குல டிவி ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன். கைக்காசுக்கு வாங்கினால் 98,000. நான் கட்டியது முதலில் 20,000, பிறகு மாதம் 5,900 வீதம் 18 மாதம். வீட்டில் மனைவிதான் கொப்பியில் கூட்டிப் பார்த்தாள்: 126,200. ஒரே பெட்டிக்கு 28,200 ரூபாய் கூட. அட்டையில் மாதத் தொகையை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். மொத்தத்தை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தீபாவளி முற்பணமும் சம்பளத்தில் மாதாமாதம் வெட்டுப்பட்டது. அந்த ஒன்றரை வருஷம் நாங்கள் பட்ட பாட்டை நீ படக்கூடாது.

அதைவிட வலித்தது வைகாசியில். மழை பிடித்தால் எங்களுக்குப் புரட்டாசி வரை நிற்காது, தெரியும்தானே. தகரக் கூரையில் அது கொட்டத் தொடங்கினால் எதிரில் இருப்பவன் பேசுவதே கேட்காது. இந்தக் காலத்து டிவி மெல்லிசு. அதற்குள் இருக்கிற ஸ்பீக்கர் விரலகலம்தான், அதுவும் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. முழுசாகக் கூட்டி வைத்தாலும் சத்தம் கீச்சென்று வருமே தவிர, சொல் விளங்காது. அப்பா பெரிய படத்துக்கு முன்னால் வாயசைவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று குரல் வந்த முதல் சொல்லிலேயே ஆளைச் சொல்கிற மனுஷன். ஒரு மாதம் போனதும் டிவி போட்டால் எழும்பி முன் விறாந்தைக்கு, இஸ்தோப்புக்குப் போய்விடுவார். "படம் மட்டும் ஓடுது தம்பி, நீங்க பாருங்க" என்றார்.

அன்றைக்கு எனக்குக் கறுப்பு வெள்ளை டிவி ஞாபகம்தான் வந்தது. ரூபவாஹினி டிவி 1982இல் தொடங்கியது; நம் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்தது எவ்வளவோ பிந்தி. கார் பேட்டரியைக் கம்பில் கட்டி நீ ஒரு முனை, நான் ஒரு முனையாக டவுனுக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் போட்டு வந்தோமே, அந்த டிவி. படம் முழுக்கப் பனி. ஆனால் மரப்பெட்டியும் கையகல ஸ்பீக்கரும் இருந்ததால் கடைசி வரிசையில் நின்ற கிழவிக்கும் பேச்சு விளங்கியது.

இப்போது உன் 75,000. போன ஞாயிறு உனக்காகவே அட்டன் டவுனில் ஏறி இறங்கினேன். 32 அங்குல சாதா டிவி 46,000க்குக் கிடைக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா அறைக்கு அது தாராளம். ஸ்மார்ட் வேண்டாம்; பள்ளத்தில் சிக்னலும் நிற்காது, டேட்டாவுக்கும் காசு போகும். பென் டிரைவ் குத்த வழியிருந்தால் போதும். பணம் கொடுக்குமுன் டிவியைத் திருப்பிப் பின்பக்கம் பார். சிவப்பும் வெள்ளையுமாக ஓடியோ வெளியே வரும் துளையோ, ஹெட்ஃபோன் துளையோ இருந்தால் பழைய அம்பிளிபயருக்கு ஒரு வயர் போதும். ஒப்டிகல் துளை மட்டும் இருந்தால் இடையில் சின்ன டப்பா ஒன்று வேண்டும், டிஜிட்டல் சத்தத்தை மாற்றித் தர. அதைப் போட்டதும் டிவியின் செட்டிங்கில் சத்தத்தை பிசிஎம் (PCM) என்று மாற்றிவிடு. இல்லாவிட்டால் சில நிகழ்ச்சிகளுக்குச் சத்தமே வராது. எனக்கு இது தெரியாமல் இரண்டு நாள் வயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பண்டாரவளையில் 18,000க்குப் பார்த்ததாக எழுதிய ஜப்பான் செட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஜப்பான் வீடுகளில் பாவித்த பொருள் நன்றாகத்தான் உழைக்கும். பின்பக்கத் தகட்டை வாசித்துப் பார். 100 வோல்ட் என்று இருந்தால் நம் சுவரில் அப்படியே குத்தாதே. இங்கே வருவது 230. தங்கச்சி மகன் அப்படித்தான் ஒன்றைப் பிளக் அடப்டர் மட்டும் போட்டுக் குத்தினான். மணம் வந்தது, புகை வந்தது, முடிந்தது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வோல்டைக் குறைக்கிற டிரான்ஸ்போமரையும் சேர்த்து விலை பேசு, செட் இழுக்கிற வாட்டைவிடப் பெரிதாக. அதில் ரேடியோவும் இருக்கிறது என்று மயங்காதே. பழைய ஜப்பான் டியூனர் 76இலிருந்து 90 வரைதான் பிடிக்கும். நம் எஃப்எம் 88இலிருந்து 108 வரை. நாம் கேட்கிற தமிழ் அலைவரிசைகள் பெரும்பாலும் 90க்கு மேலே. அதே கடையில் பாவித்த ஜப்பான் டிவியும் காட்டுவார்கள். அவர்கள் ஒளிபரப்பு முறை வேறு, உன் அன்டெனாவில் பிடிக்காது.

ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றச் சொல். கூம்பைச் சுற்றிய விளிம்பு பஞ்சு என்றால் விரலால் மெதுவாகத் தொட்டுப் பார், நம் ஈரத்துக்குப் பொடிப்பொடியாக உதிர்ந்திருக்கும். ரப்பர் விளிம்பு நீடிக்கும். கூம்பைச் சமமாக மெல்ல அழுத்தும்போது உரசுகிற சத்தம் கேட்டால் வைத்துவிட்டு வா. சத்தக் குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் பயப்படாதே, அது பெரும்பாலும் தூசி. ரேடியோ திருத்துகிற பாஸ் ஒருவர் துடைத்துத் தருவார். முன்னால் 5,000 வாட் என்று ஒட்டியிருப்பதைப் பார்க்கவே வேண்டாம். பின்தகட்டில் அது இழுக்கும் கரண்ட் 60 வாட் என்றால் அதற்கு மேல் அது எங்கிருந்து தரும்?

தனியாக அடிச்சத்தத்துக்கு பேஸ் பெட்டி வாங்கும் ஆசை இருந்தால் விட்டுவிடு. உன் குவார்ட்டர்ஸும் ஒட்டுச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கம் விடியப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கப் போகிற சனம் படுத்திருக்கும். பேச்சு கேட்க வேண்டியது நம் வீட்டில், அதிர்வு போவது அவர்கள் கட்டிலுக்கு. ஒரு சோடி ஸ்பீக்கரைக் காது உயரத்தில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வை. நான் தேயிலைப் பெட்டிப் பலகையில் தட்டு அடித்து வைத்திருக்கிறேன்.

ஆக டிவி 46,000, செட் 18,000, டிரான்ஸ்போமர், வயர், டப்பா எல்லாம் ஏழாயிரத்துக்குள். 4,000 மிஞ்சும். அதைச் செலவழிக்காதே. காசு போதாமல் போனால் தவணைக் கடைக்குப் போகாமல் தங்கச்சியின் சீட்டில் சேர்: பத்துப் பேர், மாதம் 5,000, உன் முறைக்கு 50,000. வட்டி கிடையாது. டிவி மூன்று மாதம் பிந்தினால் பிந்தட்டும், பாட்டுச் செட்டை முதலில் எடு.

இன்னொன்று. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் போதாது. பிளக்கையும் அன்டெனா வயரையும் கழற்றிவிடு. மேல் லயத்தில் போன வருஷம் ஒரே இடியில் மூன்று டிவி போனது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தவணை முடிந்த மாதம் பாவித்த அம்பிளிபயரும் ஒரு சோடி ஸ்பீக்கரும் 17,000க்கு எடுத்து டிவியோடு பொருத்தினேன். அன்று இரவும் தகரத்தில் மழைதான். செய்தி தொடங்கியதும் இஸ்தோப்பிலிருந்து உள்ளே வந்தார். ஒன்றும் பேசவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தி முடியும் வரை இருந்தார். வானிலை அறிக்கையில் நாளைக்கும் மழை என்றதும், "இத சொல்ல ஒரு ஆளா" என்று டிவிக்காரரோடு சண்டை பிடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது மச்சான்.

வருகிற மாதம் முதல் சனிக்கிழமை எனக்குத் தேயிலை ஸ்டோரில் வேலை இல்லை. காலை ரயிலில் அட்டனுக்கு வா, ஸ்டேஷனில் நிற்கிறேன். நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் பென் டிரைவில் போட்டுக் கொண்டு வா, கடையில் போட்டுக் கேட்க. அந்த ஜப்பான் செட்டின் பின்தகட்டை ஃபோட்டோ எடுத்து முன்கூட்டியே அனுப்பு. இரவு இங்கேயே தங்கு. அப்பா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
உன் கூட்டாளி