புளுகுக்குப் பரிசு கொடுக்கும் ஊர்

வைட்ஹேவன்,
அக்டோபர் 20

அன்புள்ள கணேசா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப நிம்மதி. மூன்றாம் நாளே மாடிப்படி ஏறி டாக்டரை அசத்திவிட்டதாக எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் உன் வீட்டம்மாவிடம் விசாரித்துக்கொள்கிறேன். உன் அளப்பு எனக்குப் புதிதா என்ன?

போன வாரம் பையன் ஒரு குக்கிராமத்துக்குக் கூட்டிப்போனான். பேர் வாஸ்டேல் ஹெட். இங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சில பண்ணை வீடுகள், ஒரு விடுதி, மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடை, ஒரு சர்ச், அவ்வளவுதான். ஏரிக்கரையை ஒட்டி வரும் ஒடுக்கமான சாலை அங்கே முடிந்துபோகிறது. அதற்கு மேல் மலைதான், வேண்டுமானால் நடக்கலாம். கணவாயைத் தாண்டினால் சீத்வெயிட். இங்கிலாந்தில் ஆள் குடியிருக்கும் இடங்களிலேயே அதிக மழை பெய்வது அங்கேதான். அதன் பங்கு எங்கள் மேலும் நன்றாகவே விழுந்தது.

இத்தனூண்டு ஊர் நாலு பெருமை பேசுகிறது. இங்கிலாந்திலேயே உயரமான மலை, ஆழமான ஏரி, சின்ன சர்ச், பெரிய புளுகன், நாலும் எங்களிடம்தான் என்கிறார்கள். முதல் இரண்டும் அளந்து பார்த்த கணக்கு. ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். வாஸ்ட்வாட்டர் ஏரி 258 அடி ஆழம், அதன் அடித்தரை கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கிறது. எதிர்க்கரையில் மலை உடைந்து உடைந்து கொட்டிய கற்கள் உச்சியிலிருந்து நேரே தண்ணீருக்குள் சரிந்து இறங்குகின்றன. பார்க்கவே கொஞ்சம் பயமாக இருக்கிறது. இந்த ஏரித் தண்ணீர்தான் கடலோரத்தில் இருக்கும் செல்லாஃபீல்ட் அணு நிலையத்துக்கும் போகிறது என்றான் பையன்.

சின்ன சர்ச் விஷயத்தில் தகராறு உண்டு. சாமர்செட்டில் கல்போன் என்ற இடத்துக்காரர்களும் அதே பட்டத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். யாராவது ஜெயித்துக்கொள்ளட்டும். வயல் நடுவே யூ என்ற பசுமை மாறா மரங்கள் சூழ்ந்து, தாழ்ந்த கூரையோடு நிற்கிறது இந்த சர்ச். கூரையின் உத்தரங்கள் வைக்கிங்குகள் என்ற பழங்காலத்து வடநாட்டுக் கடலோடிகளின் கப்பலிலிருந்து வந்தவை என்று ஒரு பேச்சு. அதையும் நான் புளுகுக் கணக்கில்தான் வைத்தேன். ஆனால் தெற்கு ஜன்னலில் ஒரு சின்னக் கண்ணாடியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். ஊசி மாதிரி நிமிர்ந்த ஒரு பாறையை அதில் கீறி வரைந்திருக்கிறார்கள். எதிரே தெரியும் கிரேட் கேபிள் மலையில் உள்ள நேப்ஸ் நீடில் அது. 1886இல் ஹாஸ்கெட் ஸ்மித் என்பவர் தன்னந்தனியாக, கயிறுகூட இல்லாமல் அதன் உச்சிக்கு ஏறினார். பிரிட்டனில் பாறையேற்றம் ஒரு விளையாட்டானது அதிலிருந்துதான் என்பார்கள். படத்தோடு, 'பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' என்ற பைபிள் சங்கீத வரியும் இருக்கிறது. முதல் உலகப்போரில் இறந்துபோன மலையேற்றச் சங்கத்துக்காரர்களுக்கான நினைவுச் சின்னம்.

அந்தச் சங்கம் அதோடு நிற்கவில்லை. கிரேட் கேபிளையும் சுற்றியுள்ள சிகரங்களையும் விலைக்கு வாங்கி, இறந்தவர்கள் நினைவாக, இயற்கை இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்துவிட்டது. ஊருக்கு ஊர் சிலை வைத்த காலத்தில் இவர்கள் ஒரு மலையையே பொதுச்சொத்தாக்கியிருக்கிறார்கள். இன்றைக்கும் நவம்பரில், போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறன்று ஜனங்கள் மழையிலும் பனியிலும் அந்த உச்சிக்கு ஏறிப்போய் நிற்கிறார்கள்.

சரி, புளுகனுக்கு வருகிறேன். வில் ரிட்சன், 1808இல் பிறந்தவர், இந்த விடுதியை நடத்தியவர். மலை பார்க்க வரும் பட்டணத்து ஆட்களிடம் முகம் மாறாமல் கதை விடுவாராம். எங்கள் ஊர் டர்னிப் கிழங்கு எவ்வளவு பெரிசு தெரியுமா, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அதைப் பாறை உடைக்கிற மாதிரி குடைந்து எடுப்போம், மிச்சத்துக்குள் ஆடுகள் மழைக்கு ஒதுங்கும் என்பாராம். அவர் பேரைச் சொல்லி வருஷாவருஷம் நவம்பரில், பக்கத்துச் சான்டன் பிரிட்ஜ் ஊர் விடுதியில் உலக மகாப் புளுகன் போட்டி நடக்கிறது. ஐந்து நிமிஷம் பேசலாம், எழுதி வைத்துப் படிக்கக் கூடாது. நீ கோப்பையோடுதான் திரும்புவாய் என்று நினைத்துக்கொண்டே விதிகளை விசாரித்தால், அரசியல்வாதிகளையும் வக்கீல்களையும் சேர்ப்பதில்லையாம். தொழிலிலேயே பழகியவர்கள் என்பது காரணம். ரிட்டயர்டு வக்கீலுக்கு விலக்கு உண்டா என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கென்னவோ அங்கே நிஜமே நம்பும்படி இல்லை, ரிட்சனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? ஹெர்ட்விக் என்ற ஆடுகளை எடுத்துக்கொள். குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பலாக மாறுகிறது. மேலே மலையில் வேலியே கிடையாது. ஆனாலும் தாய் மேய்ந்த இடம் எதுவோ அதைக் குட்டி கற்றுக்கொண்டு அங்கேயே மேய்கிறது. அதனால் பண்ணை கை மாறினாலும் மந்தை பண்ணையோடே இருக்கும். தப்பி வந்த ஆடு யாருடையது என்று பார்க்க, ஒவ்வொரு பண்ணையின் சாயக்குறியையும் காது வெட்டையும் புத்தகமாகவே போட்டிருக்கிறார்கள், 1817 முதல்! கீழே வயல்களைச் சுற்றி, சாந்து பூசாமல் அடுக்கிய கல் சுவர்கள். நிலத்தைத் திருத்தக் கல் பொறுக்கிப் பொறுக்கி, போட இடமில்லாமல் சுவரையே தடிமனாக்கிவிட்டார்கள். வயலைவிடச் சுவர்தான் அதிகமோ என்று தோன்றும்.

இந்த ஊர் ஆட்டுக்காரர் ஒருவர், ஜாஸ் நெய்லர். முதுகில் ஆபரேஷன் ஆகி, ராணுவத்துக்கு லாயக்கில்லை என்று தள்ளப்பட்டவர். 1960இல் முதல் மலையோட்டப் பந்தயத்தில் வேலைக்குப் போடும் பூட்ஸோடு ஓடினார். 1975இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரங்கள். ஐம்பது வயதில் 214 சிகரங்களை ஏழே நாளும் கொஞ்சமும் ஆன நேரத்தில் முடித்தார். 2024இல்தான் காலமானார், 88 வயது. இதை ரிட்சன் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? உன் மாடிப்படிக் கதையைக்கூட இப்போது பாதி நம்பலாம் போல இருக்கிறது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது, நாலரை மணிக்கே விளக்குப் போடுகிற நாட்கள் வரப்போகின்றன. பொங்கலுக்கு ஊரில் இருப்பேன். பிசியோதெரபியை ஏமாற்றாமல் செய். பேரனுக்குக் கல்லூரியில் எந்தப் பிரிவு கிடைத்தது என்று எழுதாமல் விட்டுவிட்டாய், அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
ராமு