வாசகர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செய்தித்தாளைப் பிரிக்கவே மனம் வரவில்லை என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் சென்ற பொதுக்குழுவில் வருந்தியதை அடுத்து, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களை, சிக்கலோடு அதற்கான தீர்வு முயற்சிகளையும் ஆராய்ந்து எழுதும் ஆக்கபூர்வ இதழியல் குறித்தே நடத்தினோம். இது நம் ஊரின் மனக்குறை மட்டுமன்று. செய்திகளை அவ்வப்போதாவது வேண்டுமென்றே தவிர்ப்பதாகக் கூறியோர், ராய்ட்டர்ஸ் இதழியல் ஆய்வு நிறுவனத்தின் பன்னாட்டுக் கருத்தாய்வில் 2017இல் 29 விழுக்காடாகவும் 2022இல் 38 விழுக்காடாகவும் இருந்தனர்.

டென்மார்க் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் செய்தித் தலைவராயிருந்த உல்ரிக் ஹாகெரப், 2017இல் ஆர்ஹுஸ் நகரில் இத்துறைக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். இதை ‘நல்ல செய்தி மட்டும் போடுவது’ என்றே நம்மில் பலர் முதலில் எண்ணினோம். அமெரிக்காவில் 2013 முதல் இயங்கும் தீர்வுசார் இதழியல் அமைப்பின் அளவுகோல்களைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறியது: எடுக்கப்பட்ட முயற்சி, அது பலித்ததற்குச் சான்று, பிறர் கற்கத்தக்க பாடம், முயற்சியின் குறை ஆகிய நான்கும் செய்தியில் இருக்க வேண்டும். ஏரி தூர்வாரப்பட்டதாகப் படத்துடன் வந்த ஒரு செய்தியை இவற்றோடு ஒப்பிட்டோம். மாலை அணிந்தோர் பெயர்கள் அனைத்தும் இருந்தன; மழைக்குப்பின் நீர் நின்றதா, வரத்துக் கால்வாய் யார் பொறுப்பு என்பவை இல்லை.

அதிக நேரம் எடுத்துக்கொண்டது தற்கொலைச் செய்திகள் பற்றிய கூட்டம். வியன்னாவில் சுரங்க ரயில் தற்கொலைகளைப் பரபரப்பாக்குவதை 1987இல் நாளிதழ்கள் கைவிட்டதும் அத்தகைய சாவுகள் பெருமளவு குறைந்தன. இந்தியப் பத்திரிகை மன்றமும் 2019இல் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. எனினும், தேர்வு முடிவுக் காலத்தில் உறுப்பினர்கள் கத்தரித்து வந்த செய்திகளில், இறந்த முறை தலைப்பிலும் 104 என்ற உதவி எண் கடைசி வரியிலும் இருந்ததைக் கண்டோம்; மனம் தேறி மீண்டும் படித்துத் தேறிய மாணவர் எவரைப் பற்றியும் ஒரு பத்திகூட இல்லை.

தீர்வு தேடும் ஆர்வத்தில் ஆட்சியாளரைக் கேள்வி கேட்பது தளர்ந்துவிடும் என ஓர் உறுப்பினர் எச்சரித்தார். அது நியாயமான அச்சமே; விளம்பர வருவாயை நம்பியிருக்கும் சிறு இதழ்களுக்கு இது கூடுதலாகவே பொருந்தும் என்பது என் கருத்து.

இக்கூட்டங்களின் முடிவாக, தற்கொலைச் செய்தி நெறிமுறைகளைச் சுட்டி உள்ளூர்ச் செய்தியாளர்களுக்கும் இதழாசிரியர்களுக்கும் அனுப்பவுள்ள கடிதத்தின் வரைவு இவ்வறிக்கையுடன் வைக்கப்பட்டுள்ளது. திருத்தங்களைக் கூறி, அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.