சிறைக்குச் சோறு கொண்டுபோனவர்களைத் தேட உதவியவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

லெந்து என்கிற தவக்கால நாட்களின் வெள்ளிக்கிழமை வேதபாடம் இந்த வருஷம் நல்லபடியாக முடிந்தது. உபத்திரவமும் தரித்திரமும் சேர்ந்து நெருக்கியபோது ஆதிச் சபை எப்படி உண்மையாக நின்றது என்பதுதான் பாடம். ஆலய அறிவிப்பில் நன்றி சொன்னபோது என் பெயர் ஒன்றை மட்டும் வாசித்தார்கள். இந்தப் பாடத்தைச் சுமந்தவர்கள் பலர். அவர்கள் என்ன செய்தார்கள் என்பது சபையார் எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி பெண்கள் ஐக்கிய சங்கத்தின் மூத்த பாட்டியம்மாவுக்கு. முதல் வெள்ளியன்று பெர்பெத்துவா, பெலிசித்தா ஆகியோரின் சாட்சியை எடுத்திருந்தோம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம், கி.பி. 203. பெர்பெத்துவாவுக்கு ஏறக்குறைய 22 வயது, கையில் பால்குடிக் குழந்தை. பெலிசித்தா அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. கிறிஸ்தவர்கள் என்று ஒத்துக்கொண்டதற்காக இவர்களையும் இவர்களோடு பிடிபட்டவர்களையும் மிருகங்களுக்கு முன் தள்ளத் தீர்ப்பானது. வாசிப்பு அரங்கத்துக் காட்சிக்கு வருவதற்குள் பாட்டியம்மா கேட்டார்கள்: "அது கிடக்கட்டும், அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு ஜெயில்ல யாருய்யா சோறு போட்டா?"

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் எல்லாம் அந்தக் கேள்வியின் பின்னாலேயே போயின.

ரோமச் சிறையில் கைதிக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு போடும் ஏற்பாடு என்று பெரிதாக எதுவும் கிடையாது. வெளியிலிருந்து உறவுக்காரர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. பெர்பெத்துவாவின் தகப்பனாரோ விசுவாசி இல்லை. விசுவாசத்தை விட்டுவிடும்படி மகளிடம் அழுது கெஞ்சுவதற்குத்தான் அவர் சிறைக்கு வந்துகொண்டிருந்தார். சிறையில் பட்ட பாட்டை பெர்பெத்துவாவே எழுதி வைத்திருக்கிறார். இருட்டு, நெரிசல், வெக்கை, காசு பறிக்கிற படைவீரர்கள், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையைப் பற்றிய தவிப்பு. தெர்த்தியு, பொம்போனியு என்று இரண்டு டீக்கன்மார் (சபையின் உதவி ஊழியர்கள்) காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார்கள். பசியில் சோர்ந்து கிடந்த குழந்தைக்கு அங்கே வைத்துத்தான் பால் கொடுத்தார் பெர்பெத்துவா. பிறகு பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும், அந்தச் சிறை தனக்கு அரண்மனையாகிவிட்டது என்று எழுதுகிறார்.

கர்ப்பிணியைக் கொல்லக் கூடாது என்பது அன்றைய சட்டம். தன்னை மட்டும் பிரித்து வைத்துவிடுவார்களோ என்று பெலிசித்தாவுக்குப் பயம். மற்றவர்கள் கூடி ஜெபித்தார்கள். சிறையிலேயே பெண்குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையைச் சபையின் ஒரு சகோதரி எடுத்துக்கொண்டுபோய்த் தன் மகளாகவே வளர்த்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது பழைய பதிவு. அந்தச் சகோதரியின் பெயர் அதில் இல்லை. மார்ச் 7 அன்று அரங்கத்தில் நடந்ததை வாசிக்கும்போது நமக்குக் கண் கலங்குகிறது, கலங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு அடிமைப் பெண் விட்டுப்போன பச்சைக் குழந்தையை, அதுவும் கிறிஸ்தவள் என்று தெரிந்தால் ஆபத்து வரக்கூடிய ஊரில் இருந்துகொண்டு, பால் தேடி, காய்ச்சலுக்குப் பார்த்து, வருஷக்கணக்காக வளர்த்தவரின் உண்மையும் அதற்குக் குறைந்தது இல்லை என்று நான் நினைக்கிறேன். பாட்டியம்மா கேட்டிருக்காவிட்டால் அந்த வரியை நாங்கள் கடந்துபோயிருப்போம்.

அடுத்த நன்றி, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் ஐயாவுக்கு. விசுவாசிகள் எழுதியதை மட்டும் வாசித்தால் போதாது, விரும்பாதவர்கள் எழுதியதையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி லூசியன் என்கிற எழுத்தாளரை அறிமுகப்படுத்தினார்கள். இரண்டாம் நூற்றாண்டுக்காரர், கிறிஸ்தவர்களைக் கேலி செய்து எழுதியவர். சிறையில் கிடந்த பெரேகிரினு என்ற ஒரு ஏமாற்றுக்காரனை நம்பி இந்த அப்பாவி ஜனங்கள் எப்படி மோசம்போனார்கள் என்று சொல்ல வந்தவர், போகிற போக்கில் நமக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறார். விடியற்காலையிலேயே வயதான விதவைகளும் அநாதைப் பிள்ளைகளும் சிறை வாசலில் வந்து காத்திருப்பார்களாம். சாப்பாடு உள்ளே போகுமாம். சபையில் பொறுப்பில் இருந்தவர்கள் காவலர்களுக்குக் காசு கொடுத்து உள்ளேயே அவனோடு படுத்துக்கொள்வார்களாம். ஆசியாவின் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பட்டணங்களிலிருந்துகூட பொதுப்பணத்தில் ஆட்களை அனுப்பினார்களாம். பகைத்தவர் வாயிலிருந்து வருகிற சாட்சி இது. வாத்தியார் ஐயா வாசித்து நிறுத்தியபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொன்றுக்காகவும் ஐயாவுக்கு நன்றி. சபையின் முதல் முந்நூறு வருஷமும் ஓயாமல் கொலைதான் நடந்தது என்பதுபோல் ஒரு தம்பி பேசியபோது, அது சரியில்லை என்று திருத்தினார்கள். 250 வரைக்கும் உபத்திரவம் பெரும்பாலும் அந்தந்த ஊரில், அவ்வப்போது கிளம்பியதுதான். அந்த வருஷம் தேசியு பேரரசர் எல்லோரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும் என்று கட்டளையிட்ட பிறகுதான் அது பேரரசு முழுவதும் பரவியது. பலியிட்டதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சான்றிதழ்கள் இன்றைக்கும் கிடைத்திருக்கின்றன. நிறையப் பேர் அப்போது விசுவாசத்திலிருந்து விழுந்துபோனார்கள் என்பதையும் ஐயா மறைக்காமல் சொன்னார்கள்.

அந்தப் பேச்சு நடந்தபோது, கூலி வேலைக்குப் போகிற அண்ணன் ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன். "அடிச்சாக்கூட தாங்கிக்கிடலாம் ஐயா. பிள்ளை பசிக்குதுன்னு சொன்னாத்தான் தாங்க முடியாது." அண்ணனுக்கு என் மனமார்ந்த நன்றி. ஏனென்றால் கார்த்தேஜின் பேராயர் சிப்பிரியானு கவலைப்பட்டதும் சரியாக இதைப் பற்றித்தான். 250-ல் மறைவிடத்திலிருந்து தன் குருமாருக்குக் கடிதம் எழுதுகிறார்: உறுதியாக நின்ற ஏழைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், உபத்திரவப் புயலால் செய்ய முடியாததை வறுமை செய்துவிடக் கூடாது என்று. விதவைகளையும் நோயாளிகளையும் கவனிக்கச் சொல்கிறார். ஊருக்குப் புதிதாக வந்து கஷ்டப்படுகிறவர்களுக்குத் தன் சொந்தப் பணத்திலிருந்து கொடுக்கச் சொல்கிறார். மேடையிலிருந்து வீரம் பேசுவது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் சோற்றுக்கு வழி செய்தார். 258-ல் அவரே வாளுக்குத் தலை கொடுத்தார்.

சபைப் பொருளாளர் கரும்பலகையில் எழுதிக் காட்டிய கணக்குக்கும் நன்றி சொல்ல வேண்டும். 251-ல் ரோமப் பேராயர் கொர்னேலியு எழுதிய கடிதத்தில் வருகிற கணக்கு அது. மூப்பர்கள் 46, டீக்கன்மார் 7, இப்படியே போய், சபை தாங்குகிற விதவைகளும் ஏழைகளும் 1500-க்கு மேல். தேசியுவின் கட்டளை வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும்போது! பணம் எங்கிருந்து வந்தது என்று பொருளாளர் விடாமல் கேட்டதால் கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியதையும் பார்த்தோம். மாதத்தில் ஒரு நாள், விருப்பமும் வசதியும் இருந்தால் மட்டும், அவரவர் சிறு காசு ஒன்றைப் பெட்டியில் போடுவார்கள். ஏழைகளை அடக்கம்பண்ண, அநாதைகளை வளர்க்க, வயதான அடிமைகளுக்கு, சுரங்கத்திலும் தீவுகளிலும் சிறையிலும் கிடக்கிற விசுவாசிகளுக்கு என்று அது செலவாகும். காசும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு மூன்று நாள் உபவாசமிருந்து, மிச்சமானதை இல்லாதவனுக்குக் கொடுத்தார்கள் என்று இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் அரிஸ்தீதே எழுதியிருக்கிறார். உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்த நம் பாட்டிமார் வழிவந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வாலிபர் சங்கத் தம்பி தங்கைகளுக்கு: சிர்த்தா நகரத்துப் பட்டியலைச் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டினீர்களே, அதுதான் இந்த லெந்தில் என் மனதில் அதிகம் தங்கியது. இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிற ஊர். 303 மே 19 அன்று அதிகாரிகள் சபை கூடும் வீட்டுக்குள் புகுந்து, அகப்பட்டதையெல்லாம் எழுத்தரை வைத்து எழுதினார்கள். இரண்டு பொன் கிண்ணங்கள், ஆறு வெள்ளிக் கிண்ணங்கள், விளக்குகள். அப்புறம் பெண்களின் அங்கிகள் 82, ஆண்களின் அங்கிகள் 16, முக்காடுகள் 38, ஆண்களின் செருப்பு 13 ஜோடி, பெண்களின் செருப்பு 47 ஜோடி. ஏழைகளுக்குக் கொடுக்க வைத்திருந்த உடைகள் என்றுதான் அறிஞர்கள் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆண்களுக்கு 13, பெண்களுக்கு 47. அந்தச் சபையின் வாசலில் வந்து நின்றவர்கள் யார் என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? ஒரு தங்கச்சி அந்த வரியின் பக்கத்தில் சின்னதாகச் செருப்புகளை வரைந்திருந்தாள். அதை எடுத்துவிடாமல் வைத்திருக்கிறோம்.

சிர்த்தாவின் பேராயர் அன்று எதிர்க்காமல் அங்கே இருந்ததையெல்லாம் ஒப்படைத்தார். அதையும் மறைக்காமல் பிள்ளைகளுக்குச் சொன்னோம். வேதப் புத்தகங்களை வைத்திருந்த வாசகர்கள் (ஆராதனையில் வேதம் வாசிக்கிறவர்கள்) யார் என்று கேட்டபோது, இரண்டு பேர், நாங்கள் காட்டிக்கொடுக்கிறவர்கள் இல்லை, இதோ நிற்கிறோம், கொல்லச் சொல்லுங்கள் என்றார்கள். அந்தப் பதில் பதிவானதும் அதிகாரிகளின் அதே ஏட்டில்தான்.

சமையல் கட்டில் நின்று எல்லோருக்கும் கஞ்சியும் துவையலும் கொடுத்த அக்காமாரை எப்படி விடுவது? ஸ்மிர்னாவின் பொலிக்கார்ப்பு வயது முதிர்ந்த பேராயர். பிடிக்க வந்தவர்களைப் பார்த்ததும், முதலில் அவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார், பிறகுதான் ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். வெளிப்படுத்தின விசேஷத்தில் வருகிற "மரணபரியந்தம் உண்மையாயிரு" என்ற வார்த்தை போய்ச் சேர்ந்த சபை அது. அன்று அந்த வீட்டில் ராத்திரி நேரத்தில் எழுந்து, போலீஸ்காரர்களுக்குப் பந்தி வைத்தவர்களை நினைத்துக்கொண்டேதான் உங்கள் கஞ்சியைக் குடித்தேன்.

நூல்களைக் கடன் கொடுத்த வேதாகமக் கல்லூரி நூலகத்தாருக்கும், மின்சாரம் போன மாலையில் பேட்டரி விளக்கு கொண்டுவந்த பக்கத்து வீட்டு இந்துச் சகோதரருக்கும், கடைசி ஆள் போகும்வரை காத்திருந்து கதவு பூட்டிய ஆலயப் பணியாளருக்கும், எங்களை நம்பி வெள்ளிக்கிழமைகளை விட்டுக்கொடுத்த சேகர குருவானவருக்கும் நன்றி.

வெள்ளிக்கிழமைக் காணிக்கையைச் சிறையில் இருப்பவர்களின் பிள்ளைகளுடைய பள்ளிச் செலவுக்குக் கொடுப்பது என்று கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறோம். பாட்டியம்மாதான் முதலில் சொன்னார்கள். துணிமணியும் செருப்பும் கொடுக்க விரும்புகிறவர்கள், அளவை ஒரு சீட்டில் எழுதி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் கொடுங்கள். நூலகப் புத்தகங்கள் யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சீக்கிரம் திருப்பித் தாருங்கள். அடுத்து வாசிக்கக் காத்திருக்கிறார்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
வெள்ளிக்கிழமை வேதபாடக் குழுவின் சார்பில்