நூலகப் பணியாளருக்குத் தமிழில், மாவட்டத்துக்குள்ளேயே கைப்பயிற்சி கோரும் மனு

உள்ளூராட்சி ஆணையாளர் அவர்கள்,
உள்ளூராட்சித் திணைக்களம்,
கிழக்கு மாகாணம்,
திருகோணமலை.

ஊடாக: உதவி உள்ளூராட்சி ஆணையாளர்கள், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்கள்

ஐயா / அம்மணி,

வாகரை தொடக்கம் பொத்துவில் வரையுள்ள உள்ளூராட்சி சபை நூலகங்களில் கடமையாற்றும் நூலகர்களும் நூலக உதவியாளர்களும் சேர்ந்து இம்மனுவைச் சமர்ப்பிக்கிறோம். ஆண்டுக்கு எட்டு நாள் தமிழில் கைப்பயிற்சியும், நூலகமொன்றுக்கு ஒரு தமிழ்க் கைந்நூலும் ஓர் உபகரணப் பொதியும் வேண்டும். சபைகள் அடுத்த ஆண்டுப் பாதீட்டைத் தயாரிக்கும் முன்னரே இதற்கான சுற்றுநிருபம் கிடைத்தால்தான் நிதி ஒதுக்க முடியும்.

பயிற்சி தரும் நிறுவனங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை, 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம், கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகம் ஆகியவற்றின் பணியை மதிக்கிறோம். ஆனால் கொழும்பில் நடக்கும் ஒருநாள் செயலமர்வுக்கு இரவு பஸ்ஸில் போய் மறுநாள் இரவு திரும்ப வேண்டும். ஒருவர் மட்டுமே கடமையிலுள்ள பிரதேச சபை நூலகம் அந்த நாட்களில் பூட்டிக் கிடக்கும். அதனால் அழைப்பு வந்தாலும் பணியாளர் கூடிய நூலகத்தவரே போகிறார்கள். போனவர்களும் திரையில் ஓடும் விரிவுரையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புத்தகத்தைக் கையில் எடுத்து எண் போட்டுப் பார்க்க அங்கே நேரம் கிடைப்பதில்லை.

பகுப்பாக்கத்தைப் பாருங்கள். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் தூயி தசமப் பகுப்பில் தமிழ் மொழிக்கு 494.811, தமிழ் இலக்கியத்துக்கு 894.811. கவிதைக்கு 894.8111, நாடகத்துக்கு 894.8112, புனைகதைக்கு 894.8113, கட்டுரைக்கு 894.8114. அந்தக் கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் 894.811 என்றே எழுதினால், கவிதை தேடி வருபவர் நாவல் இறாக்கை முழுவதையும் துழாவ வேண்டிவரும். அடுத்த பிழை, பகுப்பெண்ணுக்குப் பின் ஆசிரியர் பெயரிலிருந்து எழுதும் நூலெண்ணில் நடக்கிறது. தமிழ்ப் பெயரில் முதலெழுத்து (இனிஷல்) முன்னால் நிற்பதால், ஆசிரியர் பெயரின் முதல் மூன்றெழுத்தை எடுக்கத் தெரியாதவர் ‘எஸ்.’ என்பதையே எடுத்துவிடுகிறார். பிறகு எஸ். என்று தொடங்கும் ஆசிரியர்கள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் குவிந்துவிடுகிறார்கள்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளாரின் நூல்களையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு நூலின் தலைப்புப் பக்கத்தில் விபுலானந்தர், அடுத்ததில் விபுலாநந்தர், இன்னொன்றில் சுவாமி விபுலானந்தா, வேறொன்றில் விபுலானந்த அடிகள் என்று அச்சாகியிருக்கும். புத்தகத்தில் உள்ளபடியே பதிந்தால் ஒருவரே நான்கு ஆசிரியராகிவிடுவார். ‘சுவாமி’ என்று தொடங்கும் பதிவு ‘ச’ வரிசைக்கே போய்விடும். ஒரு வடிவத்தைத் தலைப்பெயராக நிறுத்தி மற்ற மூன்றிலிருந்தும் அதற்கு ‘காண்க’ குறிப்பு எழுதுவது ஐந்து நிமிட வேலைதான். ஆனால் அதை இரு மாவட்டங்களும் ஒரே மாதிரிச் செய்ய வேண்டும். கூத்து நூலை அரங்கக் கலை என்று 792இல் வைக்கவும், நாடகப் பனுவல் என்று 894.8112இல் வைக்கவும், நாட்டார் வழக்கு என்று 398இல் வைக்கவும் நியாயம் சொல்லலாம். எது நம் வழக்கம் என்று ஒரு பொது முடிவு எழுத்தில் இல்லாதவரை, இடமாற்றம் பெற்று வருபவர் தன் எண்ணத்துக்கு மாற்றிக்கொண்டேதான் இருப்பார். நாம் கேட்கும் கைந்நூலின் முதல் வேலை இந்த முடிவுகளைப் பதிந்து வைப்பதே.

கணினிகள் பல நூலகங்களுக்கு வந்துவிட்டன. பயிற்சி கூடவே வரவில்லை. நூற்பட்டியலை, ஆங்கில விசைகளுக்குத் தமிழ் வடிவம் தரும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்டவர்கள் நிறையப் பேர். பாமினியில் ‘க’ எஃப் விசையிலும் ‘அ’ எம் விசையிலும் இருப்பதால், கணினி அகரவரிசைப்படுத்தும்போது ‘க’ முன்னே வந்து ‘அ’ பின்னே போய்விடும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்தான். பார்வையற்ற வாசகருக்குத் திரையை வாசித்துக் காட்டும் என்விடிஏ போன்ற இலவச மென்பொருளுக்கும் அதில் ஒன்றும் புரியாது. எல்லாக் கணினியிலும் தெரியும் பொதுக் குறிமுறையான ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்ற மாற்றி மென்பொருள்கள் உண்டு. ஆனால் தலைப்புக்குள் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் மாற்றி அதையும் தமிழென்று எண்ணிக் குழப்பிவிடும். ஆகவே ஐந்நூறு பதிவாகப் பிரித்து மாற்றி, ஒவ்வொரு பகுதியிலும் இருபதைச் சேர்வுப் பதிவேட்டோடு (நூலகத்துக்கு வந்த ஒவ்வொரு நூலையும் பதியும் ஏடு) ஒப்பிட்ட பிறகுதான் அடுத்ததுக்குப் போக வேண்டும். அதற்குப் பின்னரே கோஹா போன்ற கட்டணமற்ற நூலக மென்பொருளில் ஏற்றுவது பொருந்தும். பிழையான பட்டியலை ஏற்றிவிட்டுத் திருத்துவது இரட்டை வேலை.

நம் மாவட்டங்களுக்கென்று தனிப் பயிற்சி வேண்டிய விடயம் மழையும் வெள்ளமும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வாவிக்கரையை அண்டிய கட்டடங்களில் காற்றின் ஈரப்பதம் 65 வீதத்துக்கு மேலேயே நிற்கும்போது பூஞ்சணம் பிடிக்கிறது. இறாக்கையைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வைத்தாலே பாதிப்புக் குறையும். வெள்ளம் உள்ளே வந்தால் முதலில் தூக்க வேண்டியது சேர்வுப் பதிவேடு. அது போனால் எந்தப் புத்தகம் சபைக்குச் சொந்தமென்று நிரூபிக்க வழியில்லை. நனைந்த நூல்களில் வழுவழுப்பான படத்தாள் கொண்டவற்றை முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தாள்கள் ஒட்டி உலர்ந்தால் பிறகு பிரிக்க முடியாது. மற்றவற்றின் இடையிடையே மையொற்றித் தாள் வைத்து, நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். அச்சிட்ட பத்திரிகைத் தாளை வைத்தால் மை ஏறிவிடும். வெயிலில் விரித்தால் தாள் சுருண்டு மட்டை வளையும். 48 மணித்தியாலத்துக்குள் உலர்த்த முடியாத அளவு நனைந்திருந்தால், மெழுகுத்தாளில் சுற்றி உறைநிலையில் வைப்பதே வழி. நம் கரையோரத்தில் மீனுக்கான குளிரூட்டிய அறைகள் இருக்கின்றன. எந்த நூலகம் எந்த அறையைக் கேட்பது, யாரோடு பேசுவது என்பதைப் புரட்டாதி மாதத்திலேயே எழுதி வைத்திருந்தால் போதும். கிழிந்த பக்கத்துக்கு செலோரேப் ஒட்டுவதையும் உடனே நிறுத்த வேண்டும். அதன் பசை பழுப்பேறி எழுத்துக்குள் இறங்கிவிடுகிறது.

ஆகவே பயிற்சியை நான்கு இருநாள் அமர்வுகளாகக் கேட்கிறோம். பகுப்பாக்கமும் பட்டியலாக்கமும் முதலாவது, ஒருங்குறியும் நூலக மென்பொருளும் இரண்டாவது, நூல் பழுதுபார்ப்பும் அனர்த்த ஆயத்தமும் மூன்றாவது. நான்காவதில் சிறுவர் பகுதியும் ஒக்ரோபர் வாசிப்பு மாத ஏற்பாடும் அடங்கும். மூன்றாவது அமர்வு ஆவணிக்குள் முடிய வேண்டும். ஓர் அமர்வுக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம், மேசையில் புத்தகத்தோடு வேலை செய்ய அதுவே உச்சம். வடக்குப் பகுதியினருக்கு மட்டக்களப்பிலும் தெற்குப் பகுதியினருக்கு அக்கரைப்பற்றிலும் நடத்தினால் அன்றே வீடு திரும்பலாம். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக நூலகமும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகமும் அருகிலேயே இருப்பதால், அவற்றின் அலுவலர்களை வளவாளராகப் பெறத் திணைக்களம் எழுத்து மூலம் கேட்டுதவ வேண்டும்.

உபகரணப் பொதியில் ஈரப்பதமானி ஒன்று, அமிலமற்ற பசை அரை லீற்றர், மெல்லிய ஜப்பானியத் தாள் பத்து, மையொற்றித் தாள் நூறு, மென்தூரிகை இரண்டு, என்95 முகக்கவசம் இருபது, பட்டியலின் பிரதியை வைக்க ஒரு வெளி வன்தட்டு ஆகியன போதும். தூயி பகுப்பின் நான்கு தொகுதிகளையும் ஒவ்வொரு நூலகத்துக்கும் கேட்கவில்லை. மாவட்டத்துக்கு நான்கும் அடங்கிய ஒரு முழுத் தொகுப்பு வைத்து, தொலைபேசியில் கேட்டால் எண் சொல்ல ஒருவரை நியமித்தால் சரி.

இவற்றோடு மூன்று நிருவாக ஒழுங்குகளும் தேவை. பயிற்சி நாட்களுக்குக் கடமை லீவும் பிரயாணச் செலவும் வழங்கி, தனி ஒருவர் பணிபுரியும் நூலகத்துக்குச் சபை அலுவலகத்திலிருந்து பதில் கடமைக்கு ஒருவரை அனுப்புமாறு மாநகர ஆணையாளர்களுக்கும் சபைச் செயலாளர்களுக்கும் அறிவுறுத்த வேண்டும். அமர்வு முடித்தவரின் சான்றிதழ் தனிப்பட்ட கோவையில் சேர்க்கப்பட வேண்டும். இடமாற்றத்தின்போது திறப்பும் தளபாடப் பட்டியலும் மட்டுமே கைமாறுகின்றன. கடவுச்சொற்கள், பிரதி வைத்துள்ள இடம், பகுப்பில் எடுத்த உள்ளூர் முடிவுகள், நிலுவையிலுள்ள இரவல்கள் ஆகியவற்றை எழுதிய பொறுப்புக் கையளிப்புக் கோவையும் கட்டாயமாக்கப்பட வேண்டும்.

கைந்நூலின் வரைவை நாங்களே எழுதித் தரத் தயார். அறுபது பக்கத்துக்குள் அடங்கும். சரிபார்க்க ஒரு குழுவை நியமித்து, முதற் கூட்டத்துக்கான திகதியைத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இவ்வண்ணம்,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட உள்ளூராட்சி நூலகங்களின்
நூலகர்களும் நூலக உதவியாளர்களும்

(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

பிரதி: இரு மாவட்டங்களின் மாநகர ஆணையாளர்கள், நகர, பிரதேச சபைச் செயலாளர்கள்